ஜீன் கத்திரி கிட் வாங்கலாமா, டாக்டர் அக்கா?

கேள்வி: வணக்கம் டாக்டர் அக்கா. பர்மாவில் மோன் மாநிலத்தில் தன்பியூசயாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருக்கிறேன். ஐந்து வருடமாக எங்கள் குடியிருப்புக்கு நான்தான் மலேரியா தன்னார்வலர். சுகாதார நிலையத்துச் சயாமா (அங்கே வேலை பார்க்கும் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கொடுக்கும் கிட்டில் விரல் குத்திப் பார்த்து, மாத்திரை கொடுத்து, நோட்டில் எழுதி வைப்பேன். என் கொழுந்தன் பால்வெட்டுக்குப் போகிறவர். கார்த்திகையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கிட்டில் ஒரே கோடு, அதனால் மலேரியா இல்லை என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் குளிர் தூக்கிப் போட்டது. மறுபடி குத்திப் பார்த்தால் விவாக்ஸ் என்னும் வகை மலேரியா. தை கடைசியில் திரும்பவும் வந்தது, சித்திரையில் மூன்றாம் தடவை. அந்த இரண்டு தடவையும் இலை உதிர்ந்து வெட்டு நின்று அவர் வீட்டில்தான் இருந்தார். (பதினாலு நாள் மாத்திரையை வயிற்றைப் பிரட்டுகிறது என்று நாலாம் நாளே நிறுத்திவிட்டார்.) "உன் கிட் ஏமாத்துது" என்று இப்போது ஊரே சொல்கிறது. சென்னையிலிருக்கும் என் மாமா மகன் வைபரில் ஒரு வீடியோ அனுப்பினான். ஜீனை வெட்டும் கத்திரி வைத்து ஒரு சொட்டு ரத்தத்தில் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்கிறார்களாம், காகிதப் பட்டையிலேயே தெரிகிறதாம். நாற்பது வீட்டாரும் பணம் போடுகிறோம், கோயில் நிதியிலிருந்தும் எடுக்கலாம் என்கிறார்கள். வாங்கலாமா? ஜீனை வெட்டும் சாமான் நோயாளியின் உடம்பை ஏதும் செய்துவிடாதா?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

கோயில் பணம் இப்போதைக்குக் கோயிலிலேயே இருக்கட்டும். அந்தக் கிட் வேண்டாம். வீடியோ பொய்யில்லை, அதில் காட்டுவது நடக்கிற காரியம்தான். ஆனால் உங்கள் கொழுந்தனின் காய்ச்சலுக்கு விடை அதில் இல்லை. விடையை நீங்களே அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நான் மூன்று தடவை படித்தேன். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன்.

கத்திரி நோயாளியைத் தொடுவதே இல்லை. விரலிலிருந்து எடுத்த சொட்டு குழாய்க்குள் போகிறது, கத்திரி அந்தக் குழாய்க்குள் மட்டும்தான் வேலை செய்கிறது. சோதனை முடிந்ததும் குழாயும் சொட்டும் குப்பைக்குப் போய்விடும். மனித உடம்பின் ஜீனைத் திருத்துவது வேறு வைத்தியம். அரிவாள் செல் சோகை என்னும் பரம்பரை ரத்த நோய்க்கு அப்படி ஒன்றை 2023 நவம்பரில் பிரிட்டனில்தான் முதன்முதலாக அனுமதித்தார்கள். அதற்கு நோயாளியின் எலும்பு மஜ்ஜை செல்களை வெளியே எடுத்து, திருத்தி, திரும்ப உள்ளே செலுத்த வேண்டும், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி வேலை. இரண்டுக்கும் கத்திரி ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைத் தவிர சம்பந்தமில்லை. ஊரில் யாராவது பயந்தால் இதை அப்படியே சொல்லுங்கள்.

அந்தக் குடும்பத்துக்குக் கிரிஸ்பர் என்று பெயர். மனிதன் உண்டாக்கியது அல்ல, பாக்டீரியாக்கள் தங்களைத் தாக்கும் வைரஸை அடையாளம் வைத்து வெட்டுவதற்கு வைத்திருக்கும் ஏற்பாடு. 1987-ல் ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் இஷினோ என்பவரின் குழு ஈ.கோலை பாக்டீரியாவில் ஒரே எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டது. அது எதற்கென்று அப்போது யாருக்கும் புரியவில்லை. 2012-ல் எம்மானுயல் ஷார்பான்டியே, ஜெனிஃபர் டௌட்னா இருவரும் அதை நாம் சொன்ன இடத்தில் வெட்டும் கருவியாக்கிக் காட்டினார்கள். 2020-ல் வேதியியல் நோபல் அவர்களுக்குக் கிடைத்தது.

நோய் கண்டுபிடிக்க உதவுவது இந்தக் கத்திரிகளில் சிலவற்றுக்கு இருக்கும் ஒரு விசித்திரமான குணம். தோட்டத்துக் காவல் நாய்க்குத் திருடனின் துணியை மோந்து பார்க்கக் கொடுப்பது போல, காஸ்12, காஸ்13 என்னும் கத்திரிகளுக்கு மலேரியாக் கிருமியின் ஜீன் வரிசை ஒன்றைக் காட்டி வைக்கிறார்கள். அந்த வரிசை கண்ணில் படாத வரை நாய் சும்மா படுத்திருக்கும். பட்டுவிட்டால் வெறி பிடித்து, திருடனை மட்டுமல்லாமல் எட்டுகிற தூரத்தில் இருப்பதையெல்லாம் கடித்துக் குதறும். எனவே குழாய்க்குள் சின்னச் சின்ன நூல்களைப் போட்டு வைக்கிறார்கள். நூல் அறுந்திருந்தால் கிருமி இருக்கிறது, முழுசாக இருந்தால் இல்லை. அறுபடாத நூல் பட்டையின் முதல் கோட்டிலேயே சிக்கி நின்றுவிடும், அறுபட்டால் நிறம் இரண்டாம் கோடு வரை ஓடும். காகிதப் பட்டையில் நீங்கள் பார்த்தது அதுதான்.

காஸ்13 வைத்துச் செய்யும் முறையை 2017-ல் அமெரிக்காவில் பிராட் ஆய்வு நிலையத்தார் வெளியிட்டு, ஷெர்லாக் என்று துப்பறிவாளர் பெயரை வைத்தார்கள். இந்தியாவில் டெல்லி ஆய்வு நிலையம் ஒன்று கொரோனாவுக்குச் செய்த பட்டைக்கு வங்காளத் துப்பறிவாளர் ஃபெலுடாவின் பெயர். அதற்கு 2020 செப்டம்பரில் அங்கே அனுமதி கிடைத்தது. மலேரியாவுக்கும் 2020-லேயே செய்து பார்த்திருக்கிறார்கள். மனிதரைத் தாக்கும் முக்கியமான நான்கு வகையையும் பிரித்துச் சொன்னது, ஒரு மைக்ரோலிட்டர் (லிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ரத்தத்தில் இரண்டு கிருமிக்கும் குறைவாக இருந்தால்கூடப் பிடித்தது. உங்கள் கையிலிருக்கும் கிட் கோடு காட்ட, அதே ஒரு மைக்ரோலிட்டரில் நூறு, இருநூறு கிருமியாவது வேண்டும். வித்தியாசம் அவ்வளவு பெரிது. அதனால்தான் வீடியோ பொய்யில்லை என்றேன்.

சரி, வீடியோவில் வராதது என்ன?

கத்திரி தனியாக அவ்வளவு குறைந்த கிருமியைக் கண்டுபிடிக்காது. அதற்கு முன்னால் கிருமியின் ஜீன் துண்டைக் கோடிக்கணக்கில் பிரதி எடுத்துப் பெருக்க வேண்டும். பிசிஆர் மெஷின் தேவையில்லை, 37 முதல் 42 டிகிரி சூட்டில் பெருக்கும் முறை இருக்கிறது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பெருக்கிய குழாயைத் திறந்து அடுத்த குழாய்க்கு மாற்றும் அந்த ஒரு நிமிஷம்தான் எனக்குப் பயம். திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளி மேசையில் தெறிக்கும். அதில் லட்சக்கணக்கான பிரதிகள் இருக்கும். அடுத்த நாள் அதே மேசையில் சோதிக்கும் பச்சைக் குழந்தைக்கும் மலேரியா என்று வரும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் யாங்கோனில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை காலை எல்லா ரத்தமும் பாசிட்டிவ் என்று வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாசிட்டிவ். குழாயைத் திறக்கும் இடமும் ரத்தத்தைத் தயார் செய்யும் இடமும் ஒரே மேசை என்பதுதான் காரணம். மேசையைப் பிளீச்சிங் தண்ணீரில் துடைத்து, சொட்டு எடுக்கும் பைப்பெட்டை மாற்றி, மருந்துக் குழாய்களைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். தண்ணீர் மறுபடி நெகட்டிவ் ஆக இரண்டு வாரம் பிடித்தது. அதற்குள் ஒரு தாய்க்கு நாங்கள் தவறான முடிவு கொடுத்திருந்தோம். அவள் பயந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. தனி அறை, தனிக் கையுறை, தனி மேசை எல்லாம் இருந்த இடத்தில் நடந்தது இது. நீங்கள் சோறு பரிமாறும் திண்ணையில்தானே சோதிக்கிறீர்கள்? அங்கே இது தடுக்க முடியாத விபத்து.

மூடிய ஒரே குழாய்க்குள் இரண்டு வேலையும் நடக்கும்படி செய்து, மருந்தைப் பொடியாக உறைய வைத்து உலர்த்தி, ஐஸ் இல்லாமலே அனுப்பும் வகைகளுக்கு ஆராய்ச்சிக்காரர்கள் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது தோட்டத்துக்கு வந்து சேரும் நாள் வேறு. இன்று இணையத்தில் யாரும் விற்கக் கூடியதெல்லாம் பெரும்பாலும் "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று அட்டையில் அச்சடித்தவை, குளிர்ப்பெட்டியில் இருந்தாக வேண்டியவை. நோயாளிக்கு மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. போலிகளும் உண்டு. சில வகைகளில் விரல் வியர்வையில் இருக்கும் என்சைம் பட்டாலே நூல் அறுந்து, கிருமி இல்லாமலே கோடு விழும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒரு ஆளின் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம், அதாவது 50 லட்சம் மைக்ரோலிட்டர். பத்து மைக்ரோலிட்டருக்கு ஒரு கிருமி என்று வைத்தாலும் உடம்பில் 5 லட்சம் கிருமி. கிட்டில் நாம் வைக்கும் சொட்டோ ஐந்து மைக்ரோலிட்டர். அந்தச் சொட்டுக்குள் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். எவ்வளவு கூர்மையான கத்திரியானாலும் சொட்டுக்குள் வராததை வெட்ட முடியாது.

இப்போது உங்கள் கொழுந்தன். கார்த்திகை, தை கடைசி, சித்திரை. ஏறக்குறைய இரண்டு இரண்டு மாத இடைவெளி. பின்னால் வந்த இரண்டும் பால்வெட்டு நின்றிருந்த காலம், விடியலுக்கு முன் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு மரத்தடியில் கொசுக்கடி வாங்கும் நாட்கள் இல்லை. புதிதாகக் கொசு கடித்து வந்த காய்ச்சலாகத் தெரியவில்லை. விவாக்ஸ் கிருமி ரத்தத்துக்கு வரும்முன் ஈரலுக்குள் போகும். அங்கே கொஞ்சம் கிருமி வேலை செய்யாமல் உறங்கப் போய்விடும். ரத்தத்தில் இருப்பதைக் குளோரோகுயின் சாகடிக்கும். அந்த மருந்து உடம்பில் வாரக்கணக்கில் தங்கி முதலில் எழும்புவதையும் அடக்கிவைக்கும். அது வடிந்ததும் ஈரலில் உறங்கினது விழித்துக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது இந்தப் பக்கத்து விவாக்ஸின் வழக்கமான நடை.

ஈரலில் உறங்கும் அந்தக் கிருமியை எந்த ரத்தச் சோதனையும் காட்டாது. உங்கள் கிட், மைக்ரோஸ்கோப், பிசிஆர், ஜீன் கத்திரி எதுவும். அது ரத்தத்திலேயே இல்லை. ஊரே சேர்ந்து பணம் போட்டு உலகத்திலேயே கூர்மையான கிட்டை வாங்கியிருந்தாலும், தை மாதக் காய்ச்சல் தையில் வந்தேதான் இருக்கும். அதை நிறுத்தும் மருந்துதான் அவர் நாலாம் நாள் விட்டுவிட்ட பதினாலு நாள் மாத்திரை. பிரைமாகுயின். உங்கள் நோட்டில் அந்தப் பேரைப் பார்த்திருப்பீர்கள்.

அவர் மேல் கோபப்படாதீர்கள். வெறும் வயிற்றில் போட்டால் அந்த மாத்திரை நிஜமாகவே குடலைப் பிரட்டும். சோறு சாப்பிட்டபின் போட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தாங்கும். விடியற்காலை காலி வயிற்றோடு வெட்டுக்குப் போகிறவர் காலையில் போட்டிருப்பார், அதுதான் பிரட்டியிருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று நேரத்தை மாற்றிப் பாருங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு காரியம் கண்டிப்பாக வேண்டும். ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பர்மாவில் அந்தக் குறைபாடு அபூர்வமில்லை. விரலில் குத்தி எடுத்த சொட்டில் சில நிமிஷத்தில் எண்ணாகவே காட்டும் கையடக்க மெஷின் அதற்கு இருக்கிறது. உங்கள் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்று சயாமாவைக் கேளுங்கள். கையிலேயே கொண்டுபோய்ப் பார்க்கும் சோதனை உங்கள் தோட்டத்துக்கு ஒன்று வேண்டுமென்றால், நான் கேட்பது இதைத்தான். குறைபாடு இருந்தால் வாரம் ஒருமுறை என்று 8 வாரம் டாக்டர் மேற்பார்வையில் கொடுக்கும் முறை இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை கூடாது, பால் கொடுக்கும் தாய்மார் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. யாருக்காவது சிறுநீர் பால் விடாத கடுந்தேயிலைத் தண்ணி போலக் கருத்துப் போனால், கண் மஞ்சளாகி மூச்சு வாங்கினால், அந்த நிமிஷமே மாத்திரையை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

அப்புறம், கார்த்திகையில் முதல் நாள் வந்த அந்த ஒற்றைக் கோடு. உங்கள் மனதில் குத்திக்கொண்டிருப்பது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. காய்ச்சல் தொடங்கிய நாளில் ரத்தத்தில் கிருமி குறைவாக இருக்கும், விவாக்ஸில் இன்னும் குறைவு. கிட் பிடிக்காதது கிட்டின் வரம்பு, உங்கள் பிழை இல்லை. நீங்கள் மூன்றாம் நாள் மறுபடி குத்தினீர்களே, அதுதான் சரியான வேலை. இனிமேல் நெகட்டிவ் வந்தால் "மலேரியா இல்லை" என்று சொல்லாதீர்கள். "இன்றைக்குத் தெரியவில்லை, காய்ச்சல் நிற்காவிட்டால் நாளை அல்லது நாளன்றைக்கு வாங்க, மறுபடி பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். பால்வெட்டுகிறவருக்கு அந்தச் சொல் போதும், திரும்பி வருவார். அதற்குள் மயக்கம், வலிப்பு, மூச்சு முட்டல், சாப்பிட்டதெல்லாம் வாந்தி என்று வந்தால் கிட் என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரிதான்.

கிட்டையும் கொஞ்சம் பாருங்கள். எந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள்? தகரக் கூரைக்கு அடியில் பரண்மேல் என்றால் மத்தியான வெயிலில் வெந்துபோகும். பெரும்பாலான கிட் 30 டிகிரிக்குக் கீழேயும், சில வகை 40 வரையும் தாங்கும், அட்டையில் போட்டிருப்பார்கள். மண்பானைக்குப் பக்கத்தில் நிழலில் மூடிய டப்பாவில் வையுங்கள், ஈரம் படாமல். உறையைக் கிழிக்கும்போது உள்ளே இருக்கும் சிறு பொட்டலம் நிறம் மாறியிருந்தால் அந்தக் கிட்டைத் தூக்கிப் போடுங்கள். கிழித்ததை உடனே உபயோகித்துவிடுங்கள். பால்வெட்டுகிறவர் விரலில் காய்ந்த ரப்பர் பால் தோலாக ஒட்டியிருக்கும். அதை உரித்து, சோப்புத் தண்ணியில் கழுவி, நன்றாகத் துடைத்து, மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள், நடுவில் தோல் தடிப்பாக இருக்கும். குப்பியில் இருக்கும் மருந்துத் தண்ணீர் எத்தனை சொட்டு என்று எழுதியிருக்கிறதோ அத்தனைதான். கடிகாரத்தைப் பார்த்து அட்டையில் சொன்ன நேரத்துக்குப் படியுங்கள், சாயங்காலம் திரும்பிவந்து எடுத்துப் பார்த்து "இரண்டாம் கோடு வந்திருக்கே" என்று சொல்வது கணக்கில்லை. ஃபால்சிபாரம் என்னும் இன்னொரு வகை மலேரியா வந்து மூன்று நாள் மருந்து முடிந்த ஆளுக்குக் கோடு வாரக்கணக்கில் மறையாமல் இருக்கலாம், காய்ச்சல் இல்லையென்றால் அதற்காக இன்னொரு தடவை மருந்து கொடுக்க வேண்டாம்.

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் என் மனம் எங்கேயோ போய்விட்டது. 1942-43-ல் ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, போட்ட ரயில்பாதை வந்து முடிந்த இடம் தன்பியூசயாட். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பாதையில் மாண்டார்கள், காலராவும் மலேரியாவும் பசியும் அடியுமாக. தங்களுக்கு வந்திருப்பது என்ன காய்ச்சல் என்று சொல்லக்கூட அவர்களுக்கு ஆளில்லை. அதே மண்ணில் இன்று ஒரு பெண் நோட்டும் கிட்டும் வைத்துக்கொண்டு வீடு வீடாக விரல் குத்துகிறாள் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமென்று உங்களுக்குச் சொல்ல ஆசை. ஊரார் என்ன சொன்னாலும் அந்த நோட்டை மூடிவிடாதீர்கள்.

கத்திரிக் கிட் வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வர வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2019-ல் இந்த நாட்டில் மலேரியா 78,000 பேருக்கு, 2022-ல் 5,84,000 பேருக்கு. காய்ச்சலே இல்லாமல் ரத்தத்தில் கொஞ்சம் கிருமியோடு நடமாடுகிறவர்கள் எல்லைக் காடுகளிலும் தோட்டங்களிலும் நிறைய. அவர்களைக் கடிக்கும் கொசு அடுத்தவரைக் கடிக்கும். அவர்கள் உங்கள் கிட்டில் தென்பட மாட்டார்கள், கத்திரியில் தென்படலாம். ஆர்ட்டெமிசினின் மருந்துக்கு அடங்காத ஃபால்சிபாரத்தை அதன் ஜீனில் வரும் சின்ன மாற்றத்தை வைத்து அடையாளம் காணலாம் என்று 2014-ல் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றத்தைக் காட்டுக்குள்ளேயே பார்த்துச் சொல்லும் பட்டை கிடைத்தால் மருந்தை நேரத்தில் மாற்றலாம். இந்த மாதிரிக் கணக்கெடுப்பு வேலைக்குத்தான் அது முதலில் வரும். உங்கள் திண்ணைக்கு வரும்போது மூடிய குழாயில், ஐஸ் இல்லாமல், உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஏறி, சயாமா கையால் வரும். அதுவரை வைபரில் யார் அனுப்பினாலும் காசு கட்டாதீர்கள்.

கோயில் நிதியைத் தொட வேண்டும் என்றால் இதற்குத் தொடுங்கள்: ராத்திரியில் காய்ச்சல் தலைக்கேறினவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டிச் செலவு, விடியலுக்கு முன் மரத்தடிக்குப் போகிறவர்களுக்கு முழுக்கை சட்டை, கொசு மருந்து. அங்கே கடிக்கும் கொசுவுக்கு வீட்டிலிருக்கும் வலை உதவாது. பதினாலு நாளும் ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து மாத்திரையைப் போடவைத்து நோட்டில் கோடு போட ஒருவரை வைத்தால் அவருக்குத் தேநீருக்கும் கொடுங்கள். அந்த ஆள் நீங்களாகவே இருந்தாலும் சரி.

முதலில் கொழுந்தனை இந்த வாரமே ஜி6பிடி பார்க்க அனுப்புங்கள். மறுபடி குளிர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சீட்டில் வந்திருக்கும் எண்ணையும், மூன்று காய்ச்சலின் தேதியையும், ஒவ்வொரு தடவையும் எத்தனை மாத்திரை உள்ளே போனது என்பதையும் நோட்டிலிருந்து எழுதி எனக்கு அனுப்புங்கள். நீங்கள் எழுதிவைத்திருப்பீர்கள் என்று தெரியும்.